காப்புக்காட்டுக்குள் நாம் யார்?



ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூர்ப் பக்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015இல் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருச்சிக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வருகிற இடம். நம்மில் பலரும் போயிருப்போம், செல்லிடப்பேசியில் படமும் எடுத்திருப்போம். அந்த நிலத்துக்கு அரசு ஆவணத்தில் உள்ள பெயர் மேலணைக் காப்புக்காடு.

'காப்பு' என்கிற சொல் நமக்குப் புதிதல்ல. ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை எல்லையைத் தாண்டி வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பார்கள். சமயபுரத்துக்கு நடந்துபோகிறவர்கள் கையில் கட்டிக்கொள்வதும் காப்புதான். குழந்தையின் கைக்குப் போடுகிற வளையமும் காப்பு. போலீஸ் பிடித்துப்போனால், "அவனுக்குக் காப்பு மாட்டிட்டாங்க" என்று சொல்கிறோம். காவல், எல்லை, விலங்கு: இந்த மூன்று பொருளும் காப்புக்காடு என்ற பெயருக்குள் இருக்கின்றன. யாருக்குக் காவல், யாருக்கு எல்லை, யார் கைக்கு விலங்கு என்பதைத்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறோம்.

காட்டைக் காக்கும் இயக்கத்தின் வரலாறு வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது. தொலைநோக்குள்ள சில வெள்ளைக்கார மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சுட்டுத்தள்ளிய வேட்டைக்காரர்கள் மனம் மாறினார்கள். அரசு சட்டம் போட்டது, சரணாலயமும் தேசியப் பூங்காவும் வந்தன. இதில் பொய் என்று எதையும் நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் நிலமில்லாதவர்கள் எந்த இடத்தில் வருகிறார்கள் என்று தேடிப்பார்த்தால் இரண்டே இடத்தில்தான் வருகிறார்கள். காட்டை வெட்டவும் திருத்தவும் பாதை போடவும் கூலியாக. பிறகு, காட்டில் இருக்கக்கூடாதவராக. உரிமையாளர் என்ற மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அது ஜமீனுக்கு, மிராசுதாருக்கு, கம்பெனிக்கு, சர்க்காருக்கு என்று கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. நம் பக்கம் வந்ததே இல்லை.

மருத்துவர்களும் ரயிலும்

சென்னை மாகாணத்தில் காட்டுக்காகக் குரல் எழுப்பிய முதல் தலைமுறையினரில் பலர் கம்பெனி அரசின் மருத்துவர்கள். ராணுவ மருத்துவரான எட்வர்ட் பால்ஃபர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1849இல் எழுதினார். மரம் போனால் மழை போகும், மழை போனால் பஞ்சம் வரும், பஞ்சம் வந்தால் கம்பெனியின் வருமானமும் அமைதியும் கெடும் என்பது அவர்களது வாதத்தின் ஓட்டம். சென்னை அருங்காட்சியகத்தையும் உயிரியல் பூங்காவையும் உருவாக்கியதில் முதல் பங்கு இந்த பால்ஃபருக்குத்தான். சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரரான ஹியூ கிளெகார்னும் மருத்துவர். 1851இல் வெப்பநாட்டுக் காடுகளின் அழிவைப் பற்றி பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு அறிக்கை எழுதிய குழுவில் அவர் முக்கியமானவர். 1856இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பொறுப்பான முதல் கன்சர்வேட்டர் ஆனார்.

இவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆங்கிலேய அரசு எதைச் செய்தாலும் கொள்ளைக்கு மட்டும்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். பஞ்சத்தில் செத்தவர்களை நேரில் பார்த்த மருத்துவர்கள் அவர்கள். கேள்வி வேறு. காடு அழிகிறது என்று சொன்னவர்கள் அழிப்பவர் என்று யாரைக் காட்டினார்கள்?

1862இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் சிலீப்பர் கட்டை வேண்டும். இஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும். தென்னிந்தியாவில் அன்றைக்கு அது விறகுதான். கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பரவியதே ரயிலுக்கு விறகு கொடுக்கத்தான். இன்னொரு பக்கம் நீலகிரியிலும் வயநாட்டிலும் காப்பித் தோட்டத்துக்காக மலைமலையாகக் காடு வெட்டப்பட்டது. இவ்வளவும் நடக்கும்போது 1860இல் தடை செய்யப்பட்டது எது தெரியுமா? குமரி. அதாவது, மலையில் ஒரு துண்டு நிலத்தை எரித்து, ஒன்றிரண்டு போகம் கேழ்வரகோ தினையோ விதைத்துவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்கிற எளிய மக்களின் விவசாயம். அதை நிறுத்தவேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர் கிளெகார்ன். தோட்டக்காரர்கள் வெட்டுவதைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார், எழுதினார். ஆனால் தடை உத்தரவு போய் விழுந்தது குமரிக்காரர் தலையில்.

இங்கே சுவையான ஓர் இடம் உண்டு. சென்னை மாகாணத்தின் ரெவின்யூ போர்டு இந்த வனச் சட்ட யோசனையைப் பல ஆண்டுகள் எதிர்த்தது. ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று இந்த மாகாணத்தில் அநேகமாக எதுவுமே இல்லை, அதன்மீது அரசு இதுவரை சொத்துரிமை கொண்டாடியதும் இல்லை என்று 1871இல் அந்த போர்டு எழுதியது. 1878இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை அதை ஏற்கவில்லை. பிறகு டீட்ரிச் பிராண்டிஸ் என்கிற ஜெர்மானிய வன அதிகாரி வந்து சுற்றிப்பார்த்து, பேசி, சம்மதிக்கவைத்து, 1882இல் சென்னை வனச் சட்டம் தனியாக நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் நடைமுறையை மாணவர்கள் ஒரு தடவை படித்துப் பார்க்கவேண்டும். ஒரு நிலத்தைக் காப்புக்காடாக ஆக்கப்போகிறோம் என்று அரசு முதலில் அறிவிக்கும். செட்டில்மென்ட் அதிகாரி அக்கம்பக்கத்து ஊர்களில் பிரகடனம் வெளியிடுவார். அந்த நிலத்தில் உரிமை உள்ளவர்கள், வழியோ நீரோ மேய்ச்சலோ வனப்பொருளோ எதுவாக இருந்தாலும், மூன்று மாதத்துக்குக் குறையாத ஒரு தவணைக்குள் வந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உரிமை போய்விடும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1880களில் ஒரு சேரிக்காரர் எந்த உரிமையைக் கொண்டுபோய் எந்த அதிகாரி முன் வைத்திருக்க முடியும்? குடியிருக்கும் மனையே மிராசுதாருடையது. தலைச்சுமை விறகும் புல்லுக்கட்டும் தழையும் ஆவாரம்பட்டையும் அவர் வாழ்வுக்கு ஆதாரம்தான். ஆனால் அவற்றை அவர் எடுத்துவந்தது வழக்கத்தால், பத்திரத்தால் அல்ல. ஆவாரம்பட்டை என்பது அன்றைய தோல் பதனிடும் தொழிலின் உயிர்நாடி. மாகாணத்திலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோலுக்குப் பின்னால் அந்தப் பட்டையை உரித்த கைகள் இருந்தன. காப்புக்காடு வந்ததும் பட்டை குத்தகைப் பொருளானது. ஏலம் எடுக்கப் பணம் உள்ளவர் எடுத்தார். உரித்தவர்கள் அவரிடம் கூலிக்குப் போனார்கள். ஏலம் எடுக்காமல் உரித்தவர் வனக்குற்றவாளி ஆனார்.

ஊர் காத்த பறவைகள்

இந்த இடத்தில் சூழலியல் நண்பர்களோடு நமக்கு ஒரு சண்டை இருக்கிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் காடும் ஏரியும் ஊர்ப்பொதுவாக இருந்தன, ஊரே கூடிக் காத்தது, சட்டம் வந்து அதைக் கெடுத்தது என்று அவர்கள் எழுதுகிறார்கள். பாதி உண்மை. மீதியை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் வேடந்தாங்கல். நல்ல உதாரணம்தான். ஏரியில் கூடு கட்டும் நாரைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். 1858இல் அந்த உரிமை மறுபடி உறுதிசெய்யப்பட்டது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல்தான் வருகிறது. அதற்கு எழுபது ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழ்க் கிராமம் பறவைகளுக்காக அரசிடம் ஆணை வாங்கியிருக்கிறது. நாமும் பெருமைப்படலாம்.

பெருமைப்பட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்போம். ஊரார் ஏன் காத்தார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். யாருடைய வயலுக்கு? அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 1891இல் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறையர்கள் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் கடனில் கட்டுண்டு கிடப்பதையும், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், தரிசு நிலத்துக்கு அவர்கள் விண்ணப்பம் போட்டால் மிராசுதார்கள் தங்களுக்குத்தான் முன்னுரிமை என்று தடுத்துவிடுவதையும் அவர் விரிவாக எழுதினார். ஏரி ஊருக்குப் பொது. வயல் மிராசுக்குச் சொந்தம். மடையைத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டி பல ஊர்களில் சேரிக்காரர். பறவைகளை ஊர் காத்த கதையில் 'ஊர்' என்றால் ஊர் மட்டும்தான், சேரி அதில் இல்லை. தமிழில் இந்த இரண்டு சொல்லும் தனித்தனியாக இருப்பது தற்செயலானது அல்ல என்று இந்த மேடையில் விளக்கவேண்டிய அவசியமில்லை.

டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அதைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். 1882, 1892 என்று இந்த இரண்டு ஆண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இரண்டுமே ஒரே வகை நிலத்தைப் பற்றியவை: யாருக்கும் பட்டா இல்லாத, சர்க்கார் கணக்கில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட நிலம். முதல் பத்தாண்டில் அதில் நல்ல பகுதிகளை வனத்துறை எல்லைக்கல் நட்டு எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் மீதியில் ஒரு பங்கைப் பஞ்சமர்களுக்குத் தரலாமா என்ற பேச்சே எழுந்தது. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்பது பஞ்சமி நில மீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி கைமாறிப்போன கதையும், அதை மீட்கப்போய் 1994இல் காரணையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்விட்டதும் நீங்கள் அறிந்தவை. காப்புக்காட்டின் எல்லைக்கல் நகராமல் நிற்கிறது. பஞ்சமி நிலத்தின் எல்லைக்கல் எங்கே போனது என்றே தெரியவில்லை. இரண்டையும் நட்டது ஒரே அரசாங்கம்.

வேட்டைக்காரர் சங்கமும் ஊட்டி மாநாடும்

இனி மலைக்குப் போவோம். காட்டுயிரைக் காக்கும் சட்டங்களும் சென்னை மாகாணத்தில் சீக்கிரமே வந்தன. யானைகளுக்கு 1873இல் ஒரு சட்டம். 1877இல் நீலகிரியில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் முயற்சியால் 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மான் குறைகிறது, வரையாடு குறைகிறது என்ற கவலை அவர்களுக்கு. தீர்வு: உரிமக் கட்டணம், வேட்டைக்குப் பருவம், பருவம் தவறிச் சுட்டால் தண்டனை. லைசென்ஸும் துப்பாக்கியும் உள்ள துரை சுடுவது விளையாட்டு. கண்ணி வைத்து ஒரு முயலோ கேளையாடோ பிடிப்பவர் திருடர். ஒரு மிருகம் ஒரே நாளில் இரண்டு பேர் கையில் இரண்டு விதமாகச் சாகலாம் என்று சட்டம் சொன்னது.

அதே நீலகிரியில்தான் அயோத்திதாசர் வளர்ந்தார், 1870களில் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891 டிசம்பரில் அங்கேதான் திராவிட மகாஜன சபை மாநாடு கூடிப் பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றியது. இரட்டைமலை சீனிவாசனும் நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கராக வேலை பார்த்தவர். நம் முன்னோடிகள் இத்தனை பேர் மலையில் எப்படி இருந்தார்கள் என்றால், மலையைக் கட்டியது நம் சனம் என்பதுதான் பதில். பாதை போட, பங்களா கட்ட, சமைக்க, காப்பிச் செடி நட, பட்டாளத்துக்குச் சேவகம் செய்யச் சமவெளியிலிருந்து பறையர்கள் பெருமளவில் ஏறினார்கள். கீழே ஆண்டையின் பிடி. மேலே கூலியாவது கையில் கிடைக்கும். தோட்டத்துக் கொடுமையை யாரும் நமக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் டேனியல் எழுதிய 'எரியும் பனிக்காடு' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சேரியிலிருந்து தப்பிக்கக் கிடைத்த வழிகளில் மலையும் ஒன்று என்பது நம் வரலாற்றின் உண்மை. பழங்குடிகளின் காட்டில் நாம் போய் வேலை செய்தோம் என்பதும் அதே அளவு உண்மை. அந்த இரண்டாவது உண்மையை மறைக்காமல் பேசினால்தான் ஆதிவாசித் தோழர்களோடு சேர்ந்து நிற்க முடியும்.

முதுமலை 1940இல் சரணாலயமானது. அப்போது அதன் பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர்தான். பிறகு பல மடங்கு பெரிதாகி, 2007இல் புலிகள் காப்பகமானது. குறும்பரும் இருளரும் பணியரும் அங்கே எப்போதும் இருந்தவர்கள். பணியர்கள் பல தலைமுறையாக நில உடைமையாளர்களிடம் அடிமை வேலை செய்தவர்கள். காட்டை விட்டு வெளியேறினால் இழப்பீடு என்று வரும்போது நிலம் உள்ளவர் கையில் காகிதம் இருக்கும். அவர் வயலில் உழைத்த பணியரிடம் என்ன இருக்கும்?

தேசியப் பூங்கா என்ற யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கேயும் கதை வேறாக இல்லை. யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்த பூர்வகுடிகளை 1851இல் படை கொண்டு விரட்டினார்கள். 1890இல் அது தேசியப் பூங்காவானது. மிச்சமிருந்த கடைசிப் பூர்வகுடிக் குடியிருப்பை 1969இல் இடித்துமுடித்தார்கள். மனிதர் தொடாத இயற்கை என்று பார்வையாளருக்குக் காட்டப்பட்ட இடம், மனிதரை அப்புறப்படுத்தி உண்டாக்கப்பட்டது. இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. அந்த ஆரம்ப நாட்களில் பூங்காக்களைக் காவல் காத்த குதிரைப்படைகளில் கறுப்பினப் படைகளும் உண்டு. அடிமைப் பெற்றோருக்கு அடிமையாகவே 1864இல் பிறந்த சார்லஸ் யங் ராணுவக் கேப்டனாகி, 1903இல் செக்கோயா தேசியப் பூங்காவின் பொறுப்பு அதிகாரியாக இருந்தார். மாபெரும் மரங்கள் நிற்கும் அந்தக் காட்டுக்குப் போகும் பாதையை முடித்துக் கொடுத்தது அவர் படைதான். அதே காலத்தில், அமெரிக்கக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெரிய தலைகளில் ஒருவரான மேடிசன் கிராண்ட் 1916இல் வெள்ளை இன உயர்வைப் போற்றும் புத்தகம் எழுதினார். அவர் முன்னின்று உருவாக்கிய நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 1906இல் ஒட்டா பெங்கா என்ற ஆப்பிரிக்க மனிதரைக் குரங்குக் கூண்டில் நிறுத்திக் காட்டினார்கள். மரத்தை நேசிப்பவர் மனிதரையும் நேசிப்பார் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

இந்தியாவில் முதல் தேசியப் பூங்கா 1936இல் ஐக்கிய மாகாணத்தில் வந்தது. கவர்னரின் பெயரால் ஹெய்லி பூங்கா, இன்று கார்பெட். சுதந்திரத்துக்குப் பின் 1952இல் அமைந்த இந்தியக் காட்டுயிர் வாரியத்துக்கு மைசூர் மகாராஜா தலைவர். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1973இல் ஒன்பது காப்பகங்களோடு புலித் திட்டம். சரணாலயத்தில் சில உரிமைகளை அனுமதிக்க அந்தச் சட்டம் இடம் வைத்தது. தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டால் அதற்குள் யாருடைய உரிமையும் மிச்சமிருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களில் ஒன்றான கிண்டி, கவர்னர் மாளிகைத் தோட்டமாக இருந்த இடம். அந்த வனத்திலிருந்து பிரித்த நிலத்தில்தான் காந்தி மண்டப வளாகம் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் நினைவிடமும் அங்கேதான். மான்களுக்குப் பக்கத்திலாவது நமக்குக் கொஞ்சம் மண் கிடைத்தது என்று சிரித்துக்கொள்ளலாம்.

மாஞ்சோலை

இதுவரை பேசியதெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைக்குப் போகவேண்டும்.

சிங்கம்பட்டி ஜமீனின் மலைக்காடு அது. 1929இல் சுமார் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தது. கம்பெனி அந்த அடர்ந்த மழைக்காட்டில் தேயிலையும் காப்பியும் ஏலமும் போட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. காட்டை வெட்டித் திருத்தி, அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் செத்துப் பிழைத்தவர்கள் கங்காணிகள் கூட்டிவந்த கீழ்நாட்டு உழைப்பாளிகள். பெரும்பான்மையோர் தேவேந்திரகுலத்தவர். பறையரும் கேரளத்திலிருந்து வந்தவர்களும் பிறரும் உண்டு. தலித் என்ற சொல்லை ஏற்காதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள் என்பதை மதித்தே இதைச் சொல்கிறோம்.

ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. சுற்றிலும் இருந்த காடு 1962இல் முண்டந்துறை சரணாலயமும், 1976இல் களக்காடு சரணாலயமும் ஆகி, 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. காப்பகத்தின் நடுவில் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் நடுவில் லைன் வீடுகள். புலி வந்தபோதும் கம்பெனி இருந்தது. கம்பெனிக்குக் குத்தகைப் பத்திரம் இருந்தது.

1999இல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தி மக்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது அரசுத் தரப்பு. தண்ணீருக்குள் ஏன் இறங்கினார்கள் என்பதற்குப் பதில் இல்லை. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று ஆற்றில் மலர் தூவுகிறோம். அந்தப் போராட்டத்தைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் எந்த மண்ணில் நின்று கூலி கேட்டார்கள், அந்த மண் யாருடையது என்ற கேள்வியை அன்றைக்கு நம் இயக்கங்களும் போதுமான அளவு எழுப்பவில்லை.

அந்தக் கேள்வி தானாகவே வந்து சேர்ந்தது. 2018இல் அந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே கம்பெனி கடையைக் கட்டத் தொடங்கி, 2024இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது. வீட்டைக் காலிசெய்யச் சொன்னது. விருப்பம் யாருடையது என்று அந்தப் படிவத்தில் எழுதியிருக்கவில்லை. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் எடுத்து நடத்தவேண்டும், எங்களை இங்கேயே இருக்கவிட வேண்டும் என்று தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யுமாறு அரசைப் பணித்தது.

கணக்கைப் பாருங்கள். மழைக்காட்டை வெட்டுவதற்குக் காடு கொடுத்த ஜமீன், வெட்டித் தேயிலை போட்டு ஏறக்குறைய நூறு ஆண்டு லாபம் எடுத்த கம்பெனி, அதை அனுமதித்த அரசு. இந்த மூவரில் எவரையும் காட்டை அழித்தவர் என்று யாரும் சொல்லவில்லை. காடு மீளவேண்டும், அதற்கு இடைஞ்சல் என்று மிஞ்சியவர்கள் லைன் வீட்டுக்காரர்கள். அந்தக் காடு மீளவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு இல்லை. தாமிரபரணிக்குத் தண்ணீர் கொடுக்கிற மலை அது. அந்த ஆற்றை நம்பியிருக்கும் வயல்களில் இறங்கி நடுகிறவர்களும் நம்மவர்கள்தான். மீளும் காட்டுக்குக் காவலாளும் நாற்றுக்காரரும் வழிகாட்டியும் வேண்டும். களைச்செடியாகிப் போன தேயிலையைப் பிடுங்கிச் சோலை மரம் நட ஆள் வேண்டும். அந்த மண்ணின் ஒவ்வொரு மடிப்பையும் காலால் அறிந்த மக்களை இறக்கிவிட்டு, அந்த வேலைக்கு வேறு ஆளைத் தேடுவது என்ன வகைப் பாதுகாப்பு?

2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இந்த 1882 கதையின் அநியாயத்தை ஒப்புக்கொண்ட சட்டம். அதன் முகவுரையிலேயே வரலாற்று அநீதி என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வாசல்படி. பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் வாழ்ந்திருந்தால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். கணக்குப் போட்டால் 1930. மாஞ்சோலைக் குத்தகை 1929. ஓர் ஆண்டுக்குள் நிற்கிறது நூலிழை. கூலியாக வந்தவர் வனவாசி ஆவாரா என்பதில் வழக்காடல் இருக்கிறது. பழங்குடிக்குச் சட்டம் இருந்தும் நடப்பது என்ன என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடப்போனதாகச் சொன்ன வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அங்கே 18 பெண்களைச் சிதைத்தன. 269 பேர்மீது வழக்கு. தீர்ப்பு வர 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. வாச்சாத்தி மலையாளிப் பழங்குடியினரின் ஊர். நம் பச்சைமலையில் இருப்பவர்களும் அதே மக்கள்தான்.

அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் தீண்டப்படாதோருக்குத் தனிக் குடியேற்றங்கள் கேட்டார். அரசின் கையிலுள்ள, பயிரிடப்படாத, விளையக்கூடிய நிலத்தை அதற்கென ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்கச் சொன்னார். அரசியலமைப்பில் அது இடம்பெறவில்லை. அந்த நிலங்களில் எவ்வளவு பிறகு காப்புக்காடாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆயின என்று மாவட்டவாரியாக ஒருவரும் இன்னும் எழுதவில்லை. சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பை நாங்கள் தரமுடியாது. திருச்சி மாவட்டத்திலேயே தொடங்கலாம். அ-பதிவேட்டில் பஞ்சமி என்று குறிக்கப்பட்ட புல எண்களையும் காப்புக்காட்டு அறிவிக்கைகளில் வரும் எல்லைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடக் கட்டணம் 10 ரூபாய்.

வன உரிமைச் சட்டத்துக்காக 2008இல் வந்த விதிகளில் 13ஆவது விதி, எதையெல்லாம் ஆதாரமாக ஏற்கலாம் என்று சொல்கிறது. அரசு ஆவணங்கள் வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. ஊரின் மூத்தவர்கள் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலமும் ஆதாரம். வீடும் கிணறும் ஆதாரம். சமூக உரிமை கேட்பவர்களுக்கு இடுகாடும் ஆதாரம். மாஞ்சோலையில் நான்கு தலைமுறை புதைந்திருக்கிறது. கீழே இறங்கிவிட்ட மூத்தவர்கள் இப்போது விக்கிரமசிங்கபுரத்திலும் அம்பாசமுத்திரத்திலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். எண்பது வயதுக்காரர்கள் அதிக நாள் காத்திருக்க மாட்டார்கள். நோட்டும் ஒலிப்பதிவுக் கருவியுமாகப் போய் அவர்கள் சொல்வதைத் தேதியோடும் கையெழுத்தோடும் எழுதிவர, இந்தக் கூட்டத்திலிருந்து எத்தனை பேர் பெயர் தருகிறீர்கள் என்பதை உரை முடிந்ததும் வாசலில் வைத்திருக்கும் பதிவேட்டில் எழுதுங்கள்.